கொன்டாக்ட் மெப் குழம்பினா எங்க தேடுறது: அறிகுறிய வச்சுப் பிழை பிடிக்கிற வழி

கல்லடியில எங்கட வீட்டு விறாந்தையில இருந்து இத டைப் பண்றன், கச்சான் காத்து வீசுற நேரம், லெப்டொப்பும் சூடு நானும் சூடு. கொன்டாக்ட் மெப் எண்டது ஒரு புரதத்துக்குள்ள எந்த அமினோ அமிலம் எந்த அமினோ அமிலத்துக்குக் கிட்ட இருக்கு எண்டத கட்டம் கட்டமாப் போடுற படம், கிட்ட இருக்கிற சோடிக்குக் கறுப்புப் புள்ளி. ஒவ்வொரு வருசமும் இந்தக் காலத்திலதான் கடைசி வருசப் புரொஜெக்ட் செய்யிற புள்ளைகள் ராவு பத்து மணிக்குப் பிறகு கோல் எடுக்கிற, "அக்கா மெப் முழுக்க கறுப்பா வருது", "அக்கா ஒண்டுமே வருதில்ல", "அக்கா பேப்பரில ஒரு எண்ணிக்கை கிடக்கு எனக்கு அதுல ரெண்டு மடங்கு வருது". அம்மா வேற "என்ன புள்ள இந்தச் சாமத்தில யாரோட புரதக் கதை" எண்டு கேக்கிறா. அதால எல்லாத்தையும் ஒரேயடியா எழுதி வைக்கிறன், உங்களுக்கு என்ன அறிகுறியோ அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்க, முழுக்க வாசிக்க வேணும் எண்டு இல்ல. ஆனா முதலாவது பகுதிய மட்டும் தாண்டிப் போகாதீங்க.

முதல்ல தெரிஞ்ச புரதம் ஒண்டு

சந்தையில தராசு சரியா எண்டு பாக்கிறதுக்கு படிக்கல்ல வச்சுத்தானே பாக்கிற, மீன வச்சு இல்ல. உங்கட புரதம் மீன். படிக்கல்லுக்கு யுபிகுவிட்டின் எண்ட சின்னப் புரதத்த எடுங்க, பிடிபியில (புரதக் கட்டமைப்புகள் சேர்த்து வச்சிருக்கிற டேட்டாபேஸ்) 1யூபிக்யூ, ஒரு செயின் (அமினோ அமிலச் சங்கிலி), 76 ரெசிடியூ (சங்கிலியில உள்ள ஒவ்வொரு அமினோ அமிலமும் ஒரு ரெசிடியூ), 76ம் பைலில இருக்கு, 1.8 ஆங்ஸ்ட்ரோம் (ஆங்ஸ்ட்ரோம் எண்டது நனோமீற்றர்ல பத்தில ஒண்டு) ரெசலூஷன், 1987இல வெளிவந்த கட்டமைப்பு. வால் பக்கத்துக் கடைசி ரெசிடியூ கொஞ்சம் ஆட்டம், மற்றபடி நல்ல ஒழுங்கான புள்ள. தூரம் அளந்து மெப் போடுற உங்கட ஸ்கிரிப்ட அதில ஓட்டிட்டு மூண்டு விசயம் பாருங்க. ரெசிடியூ 76 வருதா. பக்கத்துப் பக்கத்து ரெசிடியூட சீ-ஆல்பாக்களுக்கு (ஒவ்வொரு ரெசிடியூட நடுக் காபன் அணு) இடையில எல்லா இடத்திலயும் 3.8 ஆங்ஸ்ட்ரோம் கிட்ட வருதா. 23இல இருந்து 34 வரைக்கும் ஹெலிக்ஸ் (சுருள்), அதுக்குள்ள ஒரு ரெசிடியூல இருந்து நாலு தள்ளி இருக்கிறதுக்கு 6.2 கிட்ட, மூண்டு தள்ளி இருக்கிறதுக்கு 5 கிட்ட வருதா.

இந்த 3.8 சும்மா வந்த எண் இல்ல, ரெசிடியூவையும் ரெசிடியூவையும் இணைக்கிற பெப்டைட் பிணைப்பு தட்டையா, ட்ரான்ஸா (ரெண்டு சீ-ஆல்பாவும் எதிரெதிர்ப் பக்கமா) இருக்கிறதால அந்தத் தூரம் அசையாது. சிஸ்ஸா (ஒரே பக்கமா) இருந்தா, அது கூடுதலா புரோலினுக்கு முதல்தான் வாறது, 3க்குக் கிட்ட இறங்கும். அதத்தவிர 5, 7, 12 எண்டு எங்கயாவது வந்தா அந்த இடத்தில செயின் அறுந்து கிடக்கு எண்டு அர்த்தம்.

மூண்டும் சரியா வந்தா ஸ்கிரிப்ட் சரி, உங்கட பைலிலதான் கோளாறு. வராட்டி பைலத் திட்டாதீங்க.

மெப் முழுக்க கறுப்பு

பத்துக்கு ஒம்பது தரம் அலகுப் பிழை. பிடிபி பைல் ஆங்ஸ்ட்ரோமில, புரதம் அசையிறத கொம்பியூட்டரில ஓட்டிப் பாக்கிற (சிமுலேஷன்) குரோமக்ஸ் நனோமீற்றரில, அத ஆராயிற டூல் எம்டிட்ராஜும் நனோமீற்றரில, எம்டிஅனலிசிஸ் எண்டா திரும்ப ஆங்ஸ்ட்ரோமில. நனோமீற்றர் தூரத்துக்கு 8 எண்டு கட்டோஃப் (இதுக்குள்ள இருந்தாத் தொடுகை எண்ட எல்லைத் தூரம்) குடுத்தா அது 80 ஆங்ஸ்ட்ரோம், யுபிகுவிட்டின் முழுசா அதுக்குள்ள அடங்கிரும், பிறகு எல்லாருக்கும் எல்லாரோடயும் சொந்தம். தூர மெட்ரிக்ஸில (எல்லாச் சோடிட தூரமும் உள்ள அட்டவணை) இருக்கிற ஆகப் பெரிய எண்ண ஒருக்கா பிரின்ட் பண்ணிப் பாருங்க, யுபிகுவிட்டினுக்கு 4 சொச்சம் வந்தா நனோமீற்றர், 40 சொச்சம் வந்தா ஆங்ஸ்ட்ரோம், அவ்வளவுதான்.

முழுக்க கறுப்பு இல்ல, மூலைக்கு மூலை போற கோடு மட்டும் தடிச்சுக் கிடக்கு எண்டா அது பிழையே இல்ல, பக்கத்து ரெசிடியூக்களையும் எண்ணிட்டீங்க. 3.8 தூரத்தில இருக்கிறவங்க 8 கட்டோஃப்புக்குள்ள வராம எங்க போறது. வரிசையில எவ்வளவு தள்ளி இருந்தா எண்ணுறது எண்டு முடிவெடுங்க. மூண்டுக்கு மேல எண்டு வைக்கிற ஆக்கள் இருக்காங்க. 1994இல இருந்து ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நடக்கிற காஸ்ப் எண்ட, புரத உருவத்தக் கணிக்கிற போட்டியில 6 தொடக்கம் 11 வரை கிட்டடி, 12 தொடக்கம் 23 நடுத்தரம், 24உம் அதுக்கு மேலயும் தூரத்துத் தொடுகை எண்டு பிரிக்கிற. புரதம் மடியிறதப் பத்தி ஏதாவது சொல்லப் போறீங்க எண்டா அந்தத் தூரத்துத் தொடுகைதான் கதை, ஹெலிக்ஸுக்குள்ள வாற நாலு தள்ளித் தொடுகை எல்லா ஹெலிக்ஸிலயும் வரும், அதில புதினம் ஒண்டுமில்ல.

மெப் வெறும் வெள்ள

மேல சொன்னதுக்கு மறுதலை: ஆங்ஸ்ட்ரோம் தூரத்துக்கு 0.8 குடுத்திருப்பீங்க. அதில்லாட்டி செயின் பெயர். எம்எம்சிஃப் (பிடிபியின்ட புது வடிவ) பைலில ஒரே செயினுக்கு ரெண்டு பெயர் இருக்கும், கட்டமைப்பச் செய்தவங்க வச்ச ஓத் பெயர் ஒண்டு, டேட்டாபேஸ் தானா வச்ச லேபல் பெயர் ஒண்டு. பேப்பரில "பி செயின்" எண்டு வாசிச்சிட்டு லேபல் பி எண்டு தேடினா அது வேற ஆள். பயோபைத்தன் (பைத்தன்ல இந்த பைல்கள வாசிக்கிற டூல்) சும்மா விட்டா ஓத் பெயரத்தான் எடுக்கும், வேற டூல் லேபல எடுக்கும், ரெண்டையும் கலந்து பாவிச்சா வெள்ள மெப்பாவது பரவாயில்ல, பிழையான செயின்ட மெப் வடிவா வந்தா அதுதான் ஆபத்து, ஏனெண்டா அத யாரும் பிடிக்க மாட்டாங்க.

பேப்பரில உள்ள எண்ணிக்கையோட ஒத்து வருதில்ல

இதுக்குத்தான் ஆகக்கூட கோல் வாறது, இதுதான் உண்மையில பிழையே இல்லாத பிழை. அம்பாறைப் பக்கம் வட்டைக்கு (வயல்வெளிக்கு) போய்ப் பார்த்த ஆக்களுக்கு லேசா விளங்கும். ரெண்டு போடியார்மார் (வயல் சொந்தக்காரர்) அயலவங்களா இல்லையா எண்டு எப்பிடிச் சொல்றது? ஒராள் வாடிக்கும் வாடிக்கும் (வயலுக்க இருக்கிற குடில்) எத்தின அடி எண்டு அளப்பார். இன்னொராள் வயலுக்கும் வயலுக்கும் வரம்பு பொதுவா இருக்கா எண்டு பாப்பார். மூண்டாம் ஆள், வாடி வயலுக்க எந்தப் பக்கம் பாத்துக் கிடக்கு எண்டதையும் சேர்த்துக் கணக்கெடுப்பார். மூண்டு பேரும் ஒரே வட்டையத்தான் பாக்கிறாங்க, மூண்டு பேருக்கும் வேற வேற அயலவர் பட்டியல்.

சீ-ஆல்பா தூரம் எண்டது வாடிக்கு வாடி. கட்டோஃப் கூடுதலா 8 வைப்பாங்க, புரதத்த ஸ்பிரிங் வலை மாதிரிப் பாக்கிற கோசியன் நெட்வர்க் மொடல் செய்யிறவங்க 7ஐச் சுத்தி வைப்பாங்க. லேசு, கெதியா ஓடும், சைட்செயின் (சீ-ஆல்பாவில இருந்து பக்கத்துக்கு நீட்டுற பகுதி) இல்லாத மொடலுக்கும் சரிவரும். ஆனா ஆர்ஜினினோ லைசினோ கைய நீட்டினா சீ-ஆல்பாவில இருந்து 6, 7 ஆங்ஸ்ட்ரோம் தூரம் போகும், வாடி எங்கயோ இருக்க வயல் ஆத்தங்கரை மட்டும் போற மாதிரி, அந்தத் தொடுகைகள் இந்த அளவையில விடுபட்டுப் போகும். எதிர்ப்பக்கமா, ரெண்டு பீட்டா இழை (நீட்டி நிக்கிற செயின் துண்டு) பக்கத்தில கிடக்கேக்க சீ-ஆல்பாக்கள் 5 ஆங்ஸ்ட்ரோமில இருந்தும் ஒருத்தர்ட சைட்செயின் மேலயும் மற்றவர்ட கீழயுமா ஒருத்தர ஒருத்தர் பாக்காம இருக்கவும் கூடும்.

சீ-பீட்டா (சைட்செயின்ட முதல் காபன்) தூரம் சைட்செயின் எந்தப் பக்கம் பாக்குது எண்டதையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும், காஸ்பில பாவிக்கிறது சீ-பீட்டாவுக்கு சீ-பீட்டா 8க்குக் குறைவு. வரம்பு பாக்கிறது எண்டா பாரமான அணு, அதாவது ஹைட்ரஜன் தவிர்ந்த எந்த அணுவும் மற்ற ரெசிடியூட எந்த அணுவுக்கும் 4.5க்குள்ள வந்தாத் தொடுகை, சில பேர் 5 வைப்பாங்க. 2013இல பெஸ்ட், ஹம்மர், ஈட்டன் மூண்டு பேரும் சிமுலேஷன்ல புரதம் மடியிறதப் பாக்கிறதுக்கு எடுத்ததும் பாரமான அணு 4.5, வரிசையில மூண்டுக்கு மேல தள்ளி எண்ட வரையறைதான்.

அப்ப உங்கட எண்ணிக்கை பேப்பரோட ஒத்து வராட்டி முதல் வேலை மெதட்ஸ் பகுதியில மூண்டு விசயம் தேடுறது: எந்த அணு, எத்தின ஆங்ஸ்ட்ரோம், வரிசையில எத்தின தள்ளி. நாலாவது ஒண்டு இருக்கு, அது எழுதியே இருக்காது: சோடிய ஒருக்கா எண்ணினதா ரெண்டு தரம் எண்ணினதா. மெட்ரிக்ஸ் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எண்டபடியா முழு மெட்ரிக்ஸையும் கூட்டினா சரியா ரெண்டு மடங்கு வரும். "ரெண்டு மடங்கு வருது" எண்டு அழுத தங்கச்சிட பிரச்சினை அதுதான், ரெண்டு நிமிச வேலை, அவ மூண்டு நாள் நித்திர கொள்ளல்ல.

டூலுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கிற டீபோல்ட்டும் பாருங்க. எம்டிட்ராஜ்ல கொன்டாக்ட் கேட்டா அது தன்ட பாட்டில அடுத்த ரெசிடியூவையும் அதுக்கடுத்ததையும் விட்டுட்டு, ஆகக் கிட்டடிப் பாரமான அணுத் தூரத்த, நனோமீற்றரில தரும். நீங்க ஒண்டும் சொல்லாம விட்டாலும் அது ஒரு முடிவு எடுத்திருக்கு, அத உங்கட மெதட்ஸில நீங்க எழுத வேணும்.

எந்த வரையறை சரி எண்டு கேட்டா என்ட பதில்: கேள்வியப் பொறுத்தது. மடிப்பின்ட உருவம்தான் வேணும் எண்டா சீ-பீட்டா 8 போதும். மியூட்டேஷன் ஒண்டு எதைக் குழப்புது எண்டு பாக்கிறீங்க எண்டா வரம்பு பாக்கத்தான் வேணும். ரெண்டையும் செய்து கட்டோஃப்ப அரை ஆங்ஸ்ட்ரோம் கூட்டிக் குறைச்சும் பாருங்க, அதுக்கே உங்கட முடிவு தலைகீழா மாறினா அந்த முடிவ எழுதாதீங்க.

கிளைசின்ல விழுந்து நிக்குது

கீஎரர், சீ-பீட்டா இல்ல எண்டு சொல்லும். கிளைசினுக்கு சீ-பீட்டா கிடையாது, அதுக்கு மட்டும் சீ-ஆல்பாவ எடுங்க. கிளைசின் இல்லாத இடத்திலயும் அதே எரர் வந்தா அந்த சைட்செயின் பைலில இல்ல, பிடிபி பைலின்ட தலைப்பில உள்ள ரிமார்க் 470 வரிகளில விடுபட்ட அணுக்கள் எழுதியிருக்கும். எரரப் பொத்தி வைக்கிறதுக்கு ட்ரை-எக்செப்ட் போட்டு அமத்தாதீங்க தம்பி, அந்த ரெசிடியூ சத்தமில்லாம மெப்பில இருந்து போயிரும், பிறகு வரிசையும் ஒரு இடம் தள்ளிரும், அடுத்த அறிகுறிக்கு நீங்களே விதை போட்ட மாதிரி.

தொடுகை எல்லாம் வருது, ஆனா ரெண்டு மூண்டு இடம் தள்ளி

இது என்னையும் பிடிச்சது. ட்ரிப்சின் (புரதத்தச் செரிக்கிற நொதியம்) கட்டமைப்பு ஒண்டில மெப் போட்டன், வடிவான மெப், சுப்பவைசருக்கு அனுப்பவும் ஆயத்தம். ஒரு ஆசைக்கு 57ஆவது ஹிஸ்டிடினும் 195ஆவது செரினும் தொடுதா எண்டு பார்த்தா தொடல்ல. அந்த ரெண்டும் 102ஆவது அஸ்பார்ட்டேட்டோட சேர்ந்து நொதியத்தின்ட வேலையச் செய்யிற மூவர், அவங்க தொடாட்டி ட்ரிப்சின் ட்ரிப்சினே இல்ல. ரெண்டு கிழமை கட்டோஃப்ப மாத்தி மாத்திப் பார்த்தன். கடைசியில பார்த்தா மாட்டு ட்ரிப்சின்ல இலக்கம் 16இல தொடங்கி 245இல முடியுது, ஆனா இருக்கிறது 223 ரெசிடியூ. அதுக்கு இனமான கைமோட்ரிப்சினோட ஒத்துப் பாக்கிறதுக்காக அதின்ட இலக்கத்தக் குடுத்து வச்சிருக்கு, அதால நடுவில சில இலக்கம் பாயும், சில இடத்தில 184க்குப் பக்கத்தில 184ஏ எண்டு எழுத்தோட வரும். நான் மெட்ரிக்ஸின்ட 195ஆவது வரிசைய 195ஆவது ரெசிடியூ எண்டு நம்பிட்டன். பைலிலயும் பிழை இல்ல, புரதத்திலயும் இல்ல, பிழை கதிரையில இருந்திச்சு.

இந்த அறிகுறிக்கு காரணம் பலது, ஒவ்வொண்டா கழிச்சுப் பாருங்க. பைத்தன் பூச்சியத்தில இருந்து எண்ணுது, அதால எல்லாம் சரியா ஒண்டு தள்ளி வந்தா அதுதான். ஒரு இடத்துக்குப் பிறகு மட்டும் தள்ளி வந்தா நடுவில லூப் (ஹெலிக்ஸும் இழையும் இல்லாத வளைவுத் துண்டு) ஒண்டு பைலில இல்ல, கிறிஸ்டலில ஆடுற பகுதி எலக்ட்ரோன் அடர்த்தியில தெரியாது, ரிமார்க் 465இல அந்த ரெசிடியூக்கள் பட்டியலா கிடக்கும், 3.8 சோதனையிலயும் அந்த இடத்தில தூரம் பாயும். பிறகு செலினோமெதியோனின்: கட்டமைப்புத் தீர்க்கிறதுக்காக மெதியோனினுக்குப் பதிலா போட்டிருப்பாங்க, பைலில அது ஹெட்அட்டம் (வழமையான அமினோ அமிலம் அல்லாததுக்குப் போடுற குறி) எண்டு வரும், நீங்க தண்ணியையும் மருந்தையும் கழிக்கேக்க அதையும் சேர்த்துக் கழிச்சிருப்பீங்க. எழுத்தோட வாற இலக்கம் அன்டிபொடியிலயும் நிறைய, கபாட் எண்ட அன்டிபொடி இலக்க முறையில 82க்குப் பிறகு 82ஏ, 82பி, 82சி. டிக்ஷனரியில வெறும் இலக்கத்த மட்டும் கீயா வச்சா நாலு ரெசிடியூவில கடைசி ஒண்டுதான் மிஞ்சும், ஒரு எரரும் வராது. இலக்கமும் எழுத்தும் செயினும் சேர்ந்துதான் ஒராள்ட பெயர். பயோபைத்தன்ல ரெசிடியூ ஐடி மூண்டு துண்டா வாறது இதுக்குத்தான், நடுத் துண்ட மட்டும் பிச்சு எடுக்காதீங்க.

வரிசையில எத்தின தள்ளி எண்டு கழிக்கிறதுக்கு ஓத் இலக்கத்தப் பாவிக்காம எம்எம்சிஃப்பின்ட லேபல் வரிசை இலக்கத்தப் பாவிங்க, அது முழு வரிசையில 1இல இருந்து ஒழுங்காப் போகும், விடுபட்ட ரெசிடியூக்கும் இடம் விட்டிருக்கும். பேப்பரில எழுதேக்க மட்டும் ஓத் இலக்கத்துக்கு மாத்துங்க.

சரியாயிட்டா எண்டு எப்பிடித் தெரியும்? கோழி முட்டை லைசோசைம எடுங்க, 129 ரெசிடியூ, 1965இல டேவிட் பிலிப்ஸ்ட ஆக்கள் தீர்த்தது, முதன்முதலா உருவம் தெரிஞ்ச நொதியம். அதில நாலு டைசல்பைட் (கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் பிணைப்பு): 6-127, 30-115, 64-80, 76-94. ரெண்டு கந்தகத்துக்கும் இடையில 2 ஆங்ஸ்ட்ரோமுக்குக் கொஞ்சம் கூட. இந்த நாலு புள்ளியும் மெப்பில சரியா அந்தந்த இலக்கத்தில விழுந்தா உங்கட இலக்கம் சரி. ஒண்டு தள்ளினாலும் உடன தெரியும். என்ன பாவம், நான் இத ட்ரிப்சினுக்குப் பிறகுதான் கண்டுபிடிச்சன்.

0.4 ஆங்ஸ்ட்ரோம் எண்டு தூரம் வருது

ரெண்டு அணு அப்பிடிக் கிட்ட இருக்க ஏலாது, ஒரே ஆள ரெண்டு தரம் எண்ணியிருக்கீங்க. கிறிஸ்டலில சில சைட்செயின் ரெண்டு நிலையில நிக்கும், பைலில 17ஆவது எழுத்தில ஏ, பி எண்டு போட்டு ரெண்டையும் எழுதியிருப்பாங்க, எந்த நிலை எவ்வளவு பங்கு எண்டது ஒக்குபன்சியில இருக்கும். கூடின பங்கு உள்ளத மட்டும் எடுங்க. பயோபைத்தன் இதத் தானாச் செய்யும், சொந்தமா வரி வரியா வாசிக்கிற ஸ்கிரிப்ட் செய்யாது.

சொந்த ஸ்கிரிப்ட் எண்டா இன்னொண்டு. பிடிபி பைல இடைவெளி வச்சு வெட்டாதீங்க, அது எழுத்து இடம் கணக்கா எழுதின பைல். எக்ஸ் 31 தொடக்கம் 38, வை 39 தொடக்கம் 46, இசட் 47 தொடக்கம் 54. ரெசிடியூ இலக்கம் ஆயிரத்தத் தாண்டினா செயின் எழுத்தோட ஒட்டிரும், எண் கழிச்சல் நூறுக்குக் கீழ போனா எக்ஸும் வையும் ஒட்டிரும், பிறகு ஸ்பிளிட் குடுக்கிறதெல்லாம் வேற பத்தி. சின்னப் புரதத்தில ஒண்டும் தெரியாது, பெரிசுக்குப் போனவுடனதான் வெடிக்கும்.

என்எம்ஆர் (கிறிஸ்டல் இல்லாமக் காந்தப் புலத்தில வச்சு அளக்கிற) கட்டமைப்பு எண்டா மெப் முழுக்க இந்த மாதிரிச் சின்னத் தூரம் வரும், ஏனெண்டா ஒரே பைலில பத்து இருவது மொடல் ஒண்டுக்கு மேல ஒண்டு கிடக்கு. யுபிகுவிட்டின்ட என்எம்ஆர் பைல் 1டி3இசட் எடுத்துப் பார்த்தா 10 மொடல். ஒரு மொடல மட்டும் எடுக்கலாம், அதவிட நல்லது ஒவ்வொண்டிலயும் தனித்தனியாப் பார்த்து எத்தின மொடல்ல அந்தத் தொடுகை வருது எண்டு எண்ணுறது.

சீ-ஆல்பா எண்ணிக்கை கூடி வருது

கல்மொடுலின் போல கல்சியம் பிடிக்கிற புரதத்தில நாலு ரெசிடியூ கூட வந்தா சிரிக்கலாம். சீ-ஆல்பாவுக்கும் கல்சியத்துக்கும் பைலில ஒரே ரெண்டு எழுத்து, வித்தியாசம் எந்த இடத்தில தொடங்குது எண்டதுதான்: கல்சியம் 13ஆவது எழுத்தில, சீ-ஆல்பா 14இல. இடைவெளியக் கழிச்சிட்டு ஒப்பிட்டா ரெண்டும் ஒண்டு. மூலகம் எழுதின பத்தியையும் சேர்த்துப் பாருங்க.

ரெண்டு செயினுக்கு நடுவில தொடுகை காணல்ல

ஹீமோகுளோபினுக்கு நாலு செயின் எண்டு ஏ/எல்லிலயே படிச்சிருக்கம், ஆல்பா 141, பீட்டா 146, ரெண்டு ரெண்டு, மொத்தம் 574 ரெசிடியூ. 1ஹெச்ஹெச்ஓ பைலத் திறந்தா ரெண்டு செயின்தான் கிடக்கு. பைல் பழுதில்ல. கிறிஸ்டலில திரும்பத் திரும்ப வாற ஆகச் சின்னத் துண்டத்தான் அவங்க எழுதுற, மற்றப் பாதி சமச்சீரால வரும், எப்பிடித் திருப்பி வைக்கிறது எண்டது ரிமார்க் 350இல இருக்கு. அதே மனுச ஹீமோகுளோபின் 2ஹெச்ஹெச்பியில முழுசா, 1ஹெச்வி4இல (அது ஒரு வாத்துட ஹீமோகுளோபின்) ரெண்டு முழுசு. ஒக்சிசன் ஏறி இறங்கேக்க அசையிற முக்கியமான இன்டர்பேஸ் (செயினும் செயினும் முட்டுற முகம்) ரெண்டு சோடிக்கும் நடுவில, அதாவது 1ஹெச்ஹெச்ஓ பைலில இல்லாத இடத்தில. உயிருக்குள்ள இருக்கிற முழு உருவத்தத் தாற பயோலொஜிக்கல் அசெம்பிளி பைல இறக்கித்தான் பாக்க வேணும்.

இஞ்ச ஒரு பொறி இருக்கு, கவனம். பழைய பிடிபி வடிவ அசெம்பிளி பைலில மற்றப் பாதி ரெண்டாவது மொடலா, அதே செயின் எழுத்தோட கிடக்கும். மேல என்எம்ஆருக்கு "ஒரு மொடல மட்டும் எடுக்கலாம்" எண்டு சொன்ன மருந்து இஞ்ச நஞ்சு, அசெம்பிளிய இறக்கியும் பாதிதான் வரும். செயின் எழுத்த மாத்தி ஒண்டாச் சேருங்க, இல்லாட்டி எம்எம்சிஃப் அசெம்பிளிய எடுங்க.

மறுபக்கமா, பைலில ரெண்டு செயின் ஒட்டி நிக்கிறதால அவங்க உயிருக்குள்ளயும் சோடி எண்டு நினைக்கவும் ஏலாது. கல்லடிப் பாலத்தில பின்னேரம் காத்து வாங்க வாற சனம் தோளோட தோள் முட்டுறதால எல்லாரும் சொந்தக்காரர் இல்லையே. கிறிஸ்டல் கட்டினதால மட்டும் வாற முட்டல் அது. ஐரோப்பிய டேட்டாபேஸின்ட பிசா டூல்ல போட்டு இன்டர்பேஸ் எவ்வளவு பெரிசு எண்டு பாருங்க.

இருக்க வேண்டிய சோல்ட் பிரிட்ஜ் இல்ல

சீ-ஆல்பா மெப்பில சோல்ட் பிரிட்ஜ் (எதிர் மின்னேற்றம் உள்ள ரெண்டு சைட்செயின் இழுத்துப் பிடிக்கிறது) தேடுறது வாடிய அளந்து வரம்புச் சண்டைய விசாரிக்கிற மாதிரி. லைசின், ஆர்ஜினின்ட சைட்செயின் நைட்ரஜனுக்கும் அஸ்பார்ட்டேட், குளுட்டமேட்ட ஒக்சிசனுக்கும் 4 ஆங்ஸ்ட்ரோமுக்குள்ள எண்டதுதான் வழக்கமான அளவு. சோதிச்சுப் பாக்க யுபிகுவிட்டின்ல 27ஆவது லைசினும் 52ஆவது அஸ்பார்ட்டேட்டும்.

ஹைட்ரஜன் பிணைப்பு எண்டா கூடுதலான எக்ஸ்ரே பைலில ஹைட்ரஜனே இருக்காது, ரிடியூஸ் மாதிரி டூலால சேர்த்துட்டுத்தான் கோணம் பாக்கலாம். சேர்க்கேக்க அஸ்பரஜின், குளுட்டமின், ஹிஸ்டிடின் மூண்டையும் பாருங்க. சாதாரண ரெசலூஷன்ல அவங்கட நுனியில ஒக்சிசன் எது நைட்ரஜன் எது, ஹிஸ்டிடின்ல காபன் எது எண்டு அடர்த்தியில பிரிச்சுத் தெரியாது, தலைகீழா வச்சிருக்க வாய்ப்பிருக்கு, மொல்புரோபிட்டி எண்ட சோதிக்கிற டூல் அத எடுத்துச் சொல்லும். 2.5 ஆங்ஸ்ட்ரோம் ரெசலூஷன் கட்டமைப்பில 3.9 எண்டா இருக்கு 4.1 எண்டா இல்ல எண்டு வாதாடாதீங்க, அணு நிக்கிற இடமே அதவிடக் கூட ஆடும்.

சிமுலேஷன்ல தொடுகை எல்லாம் திடீரெண்டு காணாமப் போகுது

ஒரு பிரேம்ல (சிமுலேஷன்ட ஒரு கணத்துப் படம்) 60 தொடுகை, அடுத்த பிரேம்ல 0, அதுக்கடுத்ததில திரும்ப 60. புரதம் அப்பிடிப் பாயாது. சிமுலேஷன் பெட்டியின்ட ஒரு பக்கத்தால போன செயின் மறுபக்கத்தால வந்திருக்கு, பீரியோடிக் பௌண்டரி. குரோமக்ஸ்ல ட்ரஜ்கொன்வ் கட்டளையில பிபிசி ஒப்ஷன, முதல் ஹோல், பிறகு நோஜம்ப் எண்டு குடுத்து மூலக்கூற முழுசாக்கிட்டு எண்ணுங்க. ரெண்டு செயின் உள்ளதில இது கட்டாயம்.

திடீரெண்டு இல்லாம சில சோடி மட்டும் மினுங்கி மினுங்கி வந்தா கட்டோஃப் கோட்டில நிக்கிறவங்க அவங்க, 4.4உம் 4.6உமா மாறி மாறி. ஆம், இல்ல எண்டு வெட்டாம மெல்லமா இறங்குற வளைகோடு ஒண்டப் போடலாம், மேல சொன்ன 2013 ஆக்கள் செய்ததும் அதுதான், ஆரம்பத் தூரத்தின்ட 1.8 மடங்கு மட்டும் விட்டுக் குடுப்பாங்க. இல்லாட்டி எத்தின வீதம் பிரேம்ல தொடுகை இருந்திச்சு எண்டு எழுதுங்க, ஒரு பிரேம் படத்த மட்டும் போட்டுக் கதை சொல்லாதீங்க.

ஆல்பாஃபோல்ட் மொடல்ல விசித்திரமான தொடுகை

ஆல்பாஃபோல்ட் எண்டது அமினோ அமில வரிசைய வச்சு உருவத்தக் கணிக்கிற ஏஐ. அதின்ட மொடல்ல நீளமா நூல் மாதிரிச் சுத்திக் கிடக்கிற பகுதி எங்கயோ போய் முட்டினா அது தொடுகை இல்ல, மொடலுக்கே தெரியாத இடம். பி-ஃபெக்டர் பத்தியில அங்க இருக்கிறது பிஎல்டிடிடி (மொடல் தன்ட ஊகத்த எவ்வளவு நம்புது எண்ட 100க்கான புள்ளி), 70க்குக் குறைஞ்சதக் கழிச்சிட்டுப் பாருங்க, 50க்குக் கீழ எண்டா உருவமே நம்ப ஏலாது. கிறிஸ்டல் பைலில அந்தப் பத்தி கூடினா ஆட்டம் கூட, இஞ்ச கூடினா நம்பிக்கை கூட, அதால பழைய கலர் ஸ்கிரிப்ட அப்பிடியே ஓட்டினா எல்லாம் தலைகீழ். ரெண்டு டொமைனுக்கு (தனியா மடியிற பகுதி) நடுவில தொடுகை எண்டா பிஏஈ (ஒரு இடம் இன்னொண்டோட ஒப்பிட எவ்வளவு பிழையா நிக்கலாம் எண்டு காட்டுற) படத்தையும் பாக்காம ஒண்டும் எழுதாதீங்க, ஒவ்வொரு டொமைனும் 90க்கு மேல இருந்தாலும் ஒண்டுக்கொண்டு எப்பிடி நிக்குது எண்டது சும்மா ஊகமா இருக்கலாம்.

ஓட விட்டா விடியும்

5000 அணு எண்டா ஏறத்தாழ 1 கோடி 25 லட்சம் சோடி, அத பைத்தன் லூப்புக்குள்ள லூப்பா ஓட விட்டா கரண்ட் போறதுக்கிடையில முடியாது. பயோபைத்தன்ட நெய்பர்சர்ச், இல்லாட்டி சைபைட கேடிட்ரீ, கிட்ட இருக்கிறவங்கள மட்டும் தேடும், பழைய லெப்டொப்பிலயும் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள முடியும்.

இவ்வளவும் பார்த்தும் சரிவராட்டி கோல் எடுங்க, ஆனா ஒம்பது மணிக்கு முதல். எடுக்கேக்க பிடிபி இலக்கம், தொடுகைய நீங்க எப்பிடி வரையறுத்தீங்க எண்ட ஒரு வரி, யுபிகுவிட்டின்ல என்ன வந்திச்சு எண்டது, மூண்டையும் கையில வச்சிருங்க. மூண்டாவது இல்லாட்டி நான் முதல் கேக்கப் போறது அதத்தான்.